சாய்த்துத் தீட்டிய கெம்பு

1

இன்றோடு நாலு வருஷம் ஆகிறது, எங்கள் வீட்டுக்காரருடைய ஆராய்ச்சிக்கூடத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்து. மிளகு அளவுகூட இல்லை. கண் சிமிட்டுகிற நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் அது விழுந்ததால்தான் நாங்கள் அமெரிக்காவில், இந்த ஏரிக்கரைப் பல்கலைக்கழக ஊரில், இன்னும் இருக்கிறோம். விழாமல் போயிருந்தால் இந்நேரம் நான் திருச்சியில் எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. பெய்கிறது என்று சொல்வதே தப்பு. மழை என்றால் சத்தம் கேட்கும், மண் மணக்கும். இது யாரையும் தொந்தரவு செய்யாமல் வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றால் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். நேற்று அப்படி நின்று ரெண்டு தடவை பாலைப் பொங்க விட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு பாரம் கிடக்கிறது. இந்த நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்கிற பாரம். எட்டு நாளாகக் கிடக்கிறது. அவர் தன் பங்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். என் பங்குக்கு நானும் உட்கார்ந்தேன். நீங்கள் எப்போதாவது பிச்சை எடுத்ததுண்டா, ஒன்றுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டதுண்டா, அரசாங்கத்தைக் கவிழ்க்கிற உத்தேசம் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். கவிழ்க்கிறதாவது! இந்த ஊர் மாவில் எனக்கு ஒரு தோசையைத் திருப்பிப் போட வரவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டே வந்தவள், கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே அவர் கேட்பார்.

"என்னம்மா, அதுல போட்டியா?"

"போடறேங்க."

"மறந்துட்டியோன்னு கேட்டேன்."

"மறப்பேனா? போடறேன், நீங்க கெளம்புங்க."

போட்டால் இங்கேயேதான். போடாவிட்டால் வருகிற கோடையோடு எங்கள் அனுமதி முடிகிறது, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். எனக்கு எது வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊருக்குப் போக வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால், நாலு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த காரியத்தையும் முழுசாகச் சொல்ல வேண்டும். அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இதில் எழுதுகிறேன். ஊர்ப் பத்திரிகைக்குத் தபாலில் போடுவதற்கு முன்னால் அவரிடம் படிக்கக் கொடுப்பதாக உத்தேசம், தைரியம் இருந்தால்.

2

புதூரில் என் பிறந்த வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதியில் நாங்கள். அப்பாவும் அண்ணனும் கல் தீட்டுகிறவர்கள். வைரம் என்று நினைத்துவிடாதீர்கள். அயல்நாட்டில் உலையில் உருக்கி வளர்த்த சிவப்புக் கட்டிகள், விரல் நீளத்துக்கு, வியாபாரி மூலமாக வரும். அதை உடைத்து, குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுற்றுகிற தட்டில் பிடித்துப் பட்டை போட்டால் கெம்பு. தோட்டிலும் மூக்குத்தியிலும் எங்கள் ஜில்லாப் பெண்கள் பாதிப் பேர் போட்டுக்கொண்டிருந்தது அந்தக் கெம்பைத்தான். நானும் பாவாடை கட்டின வயசிலேயே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவள். யாரும் கூப்பிட்டு வைத்துச் சொல்லித்தரவில்லை. வேலைக்கு ஆள் போதவில்லை, உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

பட்டறையில் ரெண்டு வழக்கம் உண்டு. ஒன்று, கல்லின் எடை போகக் கூடாது. உலையில் காற்று மாட்டிக்கொண்டு சில கட்டிகளுக்குள்ளே குமிழி இருக்கும். அது ஓரமாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மயிரிழை சாய்த்துப் பிடித்து அரைப்போம். குமிழி போய்விடும், எடையும் தங்கும், சாய்வு யார் கண்ணுக்கும் தெரியாது. அப்படிச் சாய்த்து எடுக்கத் தெரிந்தவரைத்தான் நல்ல கை என்று சொல்வார்கள். ரெண்டாவது, தட்டு சுற்றும்போது கல்லில் இருக்கிற குற்றத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கல் கேட்டுக்கொண்டு பிளந்துவிடும் என்பார் அப்பா. அண்ணன் சொல்கிற காரணம் வேறே.

"யாரு மொதல்ல வாயத் தொறக்கறாங்களோ அவங்க தலையிலதான் விழும், பேசாம தீட்டு."

ரெண்டு காரணத்தில் எது நிஜமோ, எனக்கு வாயை மூடிக்கொண்டு தீட்டுகிற பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

தீட்டின கல்லையெல்லாம் அப்பா ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி வைப்பார். பத்து மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து அதன்மேல் படும்போது சுவர் முழுக்கச் சிவப்பாக ஆடும். குச்சியைக் கையில் பிடித்தபடியே நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. "ஆரம்பிச்சுட்டாடா கனாக் காண" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் வரும்.

இவர் ஸ்ரீரங்கம். மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் மாமனார் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். இவர் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் முகத்தைப் பார்த்ததைவிடப் பட்டறையைப் பார்த்த நேரம்தான் அதிகம். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்தக் கல்லு உள்ள வெளிச்சம் எத்தனை தடவை திரும்புதுன்னு யாராவது எண்ணிப் பாத்திருக்கீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார். "அதெல்லாம் எண்ணினா சோறு வேகாதுங்க" என்றான் அண்ணன். எனக்கு அந்த நிமிஷமே இவரைப் பிடித்துப்போயிற்று.

கல்யாணமான புதிதில் சாயங்காலம் காவிரிப் பாலத்தில் நடப்போம். கீழே தண்ணீர், எதிரே தூரத்தில் மலைக்கோட்டை, காற்று தலைப்பைப் பிடுங்கும். இவர் வெளிச்சத்தைப் பற்றியே பேசுவார். எல்லா வெளிச்சமும் சந்தைக் கூட்டம் மாதிரி கன்னாபின்னாவென்று போகிறதாம், எல்லாம் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். எனக்கு ஒன்றும் புரியாது. புரியாமலே கேட்டுக்கொண்டு நடக்க அவ்வளவு சுகமாக இருக்கும். பாலத்தின் அந்தக் கோடியே வராமல் இருந்தால் தேவலை என்றிருக்கும்.

3

இவருடைய மேல்படிப்புக்காக இங்கே வந்து இறங்கியபோது எங்கள் மகள் மங்கைக்கு மூணு வயசு. இப்போது எட்டு முடியப்போகிறது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேகி என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் "நான்தான்" என்கிறாள். வந்த புதிதில் வெண்டைக்காய்க்கு ஏங்கிப்போய், கடையில் 'லேடீஸ் ஃபிங்கர்' இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று சொல்லி ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தான். வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே விரல் விரலாக இனிப்பு பிஸ்கட்! இவர் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது அதே கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் மங்கை முந்திக்கொண்டு எனக்காகப் பேசிவிடுகிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளா, என்னால் வெட்கப்படுகிறாளா என்று தெரியவில்லை. நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. சில சமயம் நானே எனக்குள் தமிழில் முணுமுணுத்துக்கொள்கிறேன், வாய்க்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று.

லேசர் என்ற பெயர் இப்போது ஊர்ப் பத்திரிகைகளிலும் அடிபடுவதாக அண்ணன் எழுதியிருந்தான். நாங்கள் வந்தபோது அது பிறந்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. இவர் ஒரு நாள் என்னை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஏதோ பூதாகாரமான யந்திரம் என்று நினைத்துப் போனவள், மூடியைத் திறந்ததும் கத்திவிட்டேன்.

"என்னங்க இது, எங்க வீட்டுச் சாமானாச்சே!"

நடுவில் இருந்தது சுண்டுவிரல் கணக்காக ஒரு கெம்புக் கோல். அப்பாவுக்கு வருகிற அதே உலைக் கெம்பு. அதைச் சுற்றிச் சுருளாக ஒரு விளக்கு. விளக்கு பளீரென்று அடித்ததும் கெம்புக்குள்ளே வெளிச்சம் பிறந்து, கோலின் ரெண்டு முனைக்கும் நடுவே முன்னும் பின்னும் ஓடி, ஓடி, பலம் சேர்த்துக்கொண்டு ஒரு முனை வழியாக வெளியே பாயும். அதற்கு ரெண்டு முனையும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒன்று துளி சாய்ந்திருந்தாலும் வெளிச்சம் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். பாய்ந்து வருகிற சிவப்பு வெளிச்சம் மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டுவிடும். செம்பில் எப்படி, எஃகில் எப்படி, அந்த ஒரு கணத்தில் சூடு எவ்வளவு தூரம் பரவுகிறது, இதுதான் இவருடைய ஆராய்ச்சி.

நாலு வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அந்தக் கோலின் ஒரு முனை பொரிந்துபோயிற்று. புதுக் கோல் வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். கூடத்தில் கண்ணாடி தீட்டுகிறவர் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். இவருக்கோ அந்த ஜூன் வரைதான் தவணை. அதற்குள் அளவெல்லாம் எடுத்துக் காட்டினால் பட்டமும் கிடைக்கும், மேலே இங்கேயே வேலையும் கிடைக்கும். காட்டாவிட்டால் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டும். மனுஷர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

"நான் தீட்டித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் விரல்களையே பார்த்தார்.

அதே வாரம்தான் அப்பாவிடமிருந்து நீலக் கடிதம் வந்தது. கண்ணில் திரை விழுகிறது, ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறது, பார்வை இருக்கும்போதே பேத்தியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். எழுத்து வரி தப்பிக் கீழே கீழே இறங்கியிருந்தது. அதை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

4

எனக்கு இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி கிடையாது. மாணவர் மனைவி என்றால் வீட்டில் இருக்கலாம், கடைக்குப் போகலாம், அவ்வளவுதான். கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாள் ரொம்பக் கறார். வருகிறவர்கள் எல்லாரும் புத்தகத்தில் பெயர் எழுதி, என்ன காரியமாக வந்தோம் என்றும் எழுத வேண்டும். நான் கையிலிருந்த டிபன் கேரியரைக் காட்டி 'லஞ்ச்' என்று எழுதினேன். அப்புறம் தினமும் அதேதான். காலை ஒன்பதரைக்கு மங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து 'லஞ்ச்', ரெண்டு மணிக்குத் திரும்பிப் போக வேண்டியது. ஒரு நாள் அந்த அம்மாள், "உன் புருஷன் என்ன இவ்வளவு நேரம் சாப்பிடுகிறார்?" என்று கேட்டாள். "மெள்ளத்தான் சாப்பிடுவார்" என்றேன். அவளுக்கு விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நல்ல மனுஷி.

தட்டு சுற்ற ஆரம்பித்ததும் எனக்கு அமெரிக்காவே மறந்துவிட்டது. அந்தச் சத்தம், ஈரப்பொடி, விரலில் வருகிற அந்த மெல்லிய நடுக்கம். நான் புதூர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இப்போது நிமிர்ந்தால் எதிரே அண்ணன் பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருப்பான். நிமிர்ந்தால் ஜன்னலில் பனி. தீட்டின முகத்தின்மேல் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்துப் பார்த்தால் வரிவரியாக நிறம் தெரியும், வரி நேராக இருந்தால் முகம் தட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் இவர் காட்டிக்கொடுத்தார். ரெண்டே நாளில் வரிகளை நேராக்கிவிட்டேன்.

மூணாவது நாள் குமிழியைப் பார்த்தேன். முனைக்குக் கொஞ்சம் உள்ளே, ஓரத்தில், எள்ளில் பாதி இருக்கும். நேராக அரைத்து அதை எடுக்க வேண்டுமென்றால் கோலில் கணிசமான நீளம் போய்விடும். என் கை என்னைக் கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்தை மயிரிழை சாய்த்துப் பிடித்தது. ரெண்டு மணிக்குள் குமிழி போய்விட்டது, நீளமும் தங்கிவிட்டது. அப்பா பார்த்திருந்தால் துணியில் சுருட்டி எல்லாருக்கும் காட்டியிருப்பார். ரெண்டு முனையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று இவர் சொன்னது எனக்கு நினைவு இல்லாமல் இல்லை. இந்தத் துளி சாய்வு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். குமிழி இருந்ததையும் சொல்லவில்லை, சாய்த்ததையும் சொல்லவில்லை. தட்டுக்கு முன்னால் குற்றம் பேசக் கூடாதே.

முனைக்கு வெள்ளிப் பூச்சு ஏற்றி, கோலைப் பொருத்தி, விளக்கை அடித்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார்கள். அறை முழுக்க மின்னல் வெட்டினதுதான் மிச்சம். இவர் விளக்கை மாற்றினார், கம்பிகளை மாற்றினார், கணக்கை முதலிலிருந்து போட்டார். ஆறு வாரம். தினமும் நான் 'லஞ்ச்' என்று எழுதிவிட்டு உள்ளே போய் அவர் முகத்தைப் பார்ப்பேன். பார்த்ததும் தெரிந்துவிடும்.

காரணம் என் சாய்வுதான் என்று எனக்கு முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. பட்டறை வழக்கத்தால் வாய் வரவில்லை என்று பிற்பாடு இவரிடம் சொன்னேனே, அது ஒரு வாரத்துக்கு நிஜம். மீதி அஞ்சு வாரத்துக்கு என்ன சொல்வது? அதைத்தான் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கு அது ஓட வேண்டாம் என்று இருந்தது.

ஆமாம். ஓடாவிட்டால் ஜூனில் ஊருக்குப் போய்விடலாம். அந்த அஞ்சு வாரமும் நான் கனவிலேயே நடந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது ரயில் திருச்சி ஜங்ஷனுக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அண்ணன் பிளாட்பாரத்தில் மங்கையைத் தூக்கிக்கொள்வான். அப்பா கண்ணுக்குக் கிட்டே வைத்து அவளைப் பார்ப்பார், கல்லைப் பார்க்கிற மாதிரி. மணப்பாறை முறுக்கு ஒரு டப்பா நிறைய எனக்கே எனக்கு. பனியில் நடந்துகொண்டே முறுக்கைக் கடிக்கிற சத்தம் என் காதில் கேட்கும். வெட்கம்கெட்டவள், புருஷன் உள்ளே திண்டாடிக்கொண்டிருக்கிறார், நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

5

கனவைக் கலைத்தவர் இவருடைய பேராசிரியர். கெட்டவர் இல்லை, உயரமாக, குனிந்து குனிந்து பேசுகிறவர். ஒரு நாள் நான் கேரியரோடு கூடத்துக் கதவுக்குப் பக்கத்தில் வரும்போது உள்ளே அவர் குரல் கேட்டது. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். சிலருக்கு மூளை இருக்கும், நுட்பமான வேலைக்குக் கை இருக்காது, அது ஒன்றும் குற்றமில்லை, ஊரில் போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் நல்ல வேலைதான் என்றார். இவர், "ஆமாம் ஸார், என் கைதான் சரியில்லை" என்றார்.

இவர் கையா? தப்பு என் கையுடையது. அதைத் தன் கை என்று இந்த மனுஷர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டு நிற்கிறார். ஊரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு. பேராசிரியர் வெளியே போனதும் உள்ளே போய்க் கேரியரைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, அந்தக் கல்லுல குத்தம் இருந்துது. நான்தான் சாய்ச்சு எடுத்துட்டேன். ஓரத்துல குமிழி. எங்க வீட்டு வழக்கம், சொல்ல வாய் வரல. உங்க கை மேல ஒண்ணும் இல்லைங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கோலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம், "நேரா எடுத்துடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

நேராக எடுத்தேன். நல்ல கல்லை அரைத்துத் தள்ளுவது எங்களுக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குத் தெரியாது. தட்டிலிருந்து சிவப்புத் தண்ணீராக வழிந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் இவர் அளந்து பார்த்து, "இன்னும் துளி" என்பார். பத்தாவது நாள் பொருத்தினார்கள். விளக்கு வெட்டியது. சுவரில், காகிதம் ஒட்டின இடத்துக்குக் கொஞ்சம் மேலே, அந்தச் சிவப்புப் பொட்டு விழுந்தது. அடேயப்பா! அப்படி ஒரு சிவப்பை எங்கள் பட்டறையில்கூட நான் பார்த்ததில்லை. அடுத்த தடவை ஒரு சவர பிளேடை எதிரே வைத்தார்கள். பட்டென்று ஓட்டை. பேராசிரியர் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே கவலையே இல்லம்மா, இங்கயே இருக்கலாம்" என்றார் இவர் என்னிடம். நான் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுவதாக எல்லாரும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அழுதது பிளாட்பாரத்தில் காத்துக்கொண்டிருந்த அண்ணனையும் அப்பாவையும் நினைத்து.

பட்டம் வந்தது, வேலை வந்தது. அப்பாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, சரியாக வரவில்லை. இன்னொன்றுக்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அதிலும் பார்வை போய்விட்டது. போன வருஷத்திலிருந்து கடிதங்கள் அண்ணன் கையெழுத்தில் வருகின்றன. 'அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்' என்று மேலே போட்டிருக்கும். நான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் மங்கையைக் கண்ணால் பார்த்திருப்பார். திறந்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த ஒரு கையெழுத்தை மட்டும் என்னால் போட முடியவில்லை.

6

மேலே உள்ளது வரைக்கும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவரிடம் கொடுத்தேன். "என்ன இது, மளிகை லிஸ்டா?" என்று வாங்கினார். நான் அடுக்களைக்குள் போய் ரசத்தைக் கிளறிக்கொண்டே நின்றேன். ரசத்தை யாராவது கிளறுவார்களா? அந்த நிலைமை.

தாள்களைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசற்படியில் வந்து நின்றார்.

"முத நாளே அளந்து பாத்துட்டேன்" என்றார்.

"எதை?"

"முனைய. நீ தீட்டிக் குடுத்த அன்னைக்கே. சாய்வு இருந்துது. அளக்காம யாராவது பூச்சு போட அனுப்புவாங்களா?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இல்ல. அது பொய். எனக்கும் அது ஓட வேண்டாம்னு இருந்துது. காவிரிப் பாலத்துல நடந்தா போதும்னு இருந்துது. முடியல, விட்டுட்டுப் போறேன்னு என் வாயால சொல்ல வெக்கம். கல்லு ஓடலைன்னா ஓடலைதானே?"

"அப்ப அந்த ஆறு வாரம்? விளக்க மாத்தினது, கம்பிய மாத்தினது?"

"சும்மா இருந்தா யாராவது கேப்பாங்கல்ல?"

"அட மனுஷா!" கரண்டியை மேஜையில் போட்டேன். "நான் உசிரக் கையில பிடிச்சுகிட்டு வந்து சொன்னேனே, அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமில்ல?"

"நீ வந்து சொன்னதுனாலதான் தொறக்கல. உனக்கு இங்க இருக்கணும்னு ஆசை, அதான் இவ்வளவு தைரியமா வந்து சொல்றேன்னு நெனச்சேன். அதுக்கு மேல ஊருக்குப் போலாம்னு நான் எப்படிச் சொல்றது? பாரத்துல கையெழுத்துப் போட்டதுகூட உனக்காகத்தான்."

எனக்காக அவரும், அவருக்காக நானும், நாலு வருஷம் இந்தக் குளிரில் விறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்! கோபத்தில் ஆரம்பித்து எப்போது சிரிப்பாக மாறியது என்று தெரியவில்லை. ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ரசம் வற்றியே போயிற்று. கோடையில் கிளம்பிவிடுவது, கல்லூரி வேலைக்கு இப்போதே எழுதிப் போடுவது, முதலில் நேராகப் புதூர், அப்புறம்தான் ஸ்ரீரங்கம் என்று நானும், இல்லை முதலில் ஸ்ரீரங்கம் என்று அவரும் பேசிக்கொண்டே போனோம்.

மங்கை எப்போது வந்து நின்றாள் என்று கவனிக்கவில்லை. எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐ லிவ் ஹியர்" என்றாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் சிரிப்பு அப்படியே நின்றது. ஒருவரையொருவர் கேட்காமல் நாலு வருஷத்தைத் தொலைத்த நாங்கள், இப்போது அவளைக் கேட்காமல் அவளுடைய வருஷங்களை முடிவு செய்துகொண்டிருந்தோம். அவர் முன்னால் படியேறினார், நான் பின்னால் போனேன். கதவைத் தட்டினார்.

"மங்கை, தொறம்மா. உன்னக் கேக்காம பேசினது எங்க தப்பு."

"நான் வரமாட்டேன்னு சொன்னா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. தமிழில்தான் கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை எதையும் சாய்க்க எனக்கு மனசில்லை.

"தாத்தாவப் பாக்கப் போறது நிச்சயம்டி. அதுல பேச்சே இல்ல" என்றேன். "அதுக்கப்புறம் எங்க இருக்கறதுன்னு எங்களுக்கும் தெரியல. மூணு பேருமா பேசுவோம்."

அப்புறம் கதவு ஒரு சாண் திறந்தது. அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"தாத்தாவுக்குத்தான் கண்ணு தெரியாதே. நான் வந்தா அவருக்கு எப்படித் தெரியும்?"

முட்டி போட்டு உட்கார்ந்து, விரல் நுனியால் அவள் நெற்றியிலிருந்து ஆரம்பித்து, புருவம், மூக்கு, கன்னம், மோவாய் வரைக்கும் மெள்ளத் தடவிக் காட்டினேன், அவளுடைய தாத்தா எப்படித் தொட்டுப் பார்ப்பாரோ அப்படி. அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள்.